சொரசொரப்பின் கதை: எலும்பும் உலோகமும் ஒட்டிக்கொண்ட வரலாறு

நம் வளாகத்தில் மாலை நடைக்கு வருபவர்களில் பல் இம்பிளாண்ட் வைத்துக்கொண்டவர்கள் சிலர் இருக்கிறார்கள். இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவர் ஒரு விலைப்பட்டியலைக் கொண்டுவந்து காட்டினார். பல் இம்பிளாண்ட் வைப்பதற்காகப் போன இடத்தில் கொடுத்தார்களாம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் டைட்டானியத் திருகுக்கு மூன்று விதமான விலை. அதிக விலைக்கு எதிரே ‘நானோ சர்ஃபேஸ்’ என்று போட்டிருந்தது. “சார், திருகு உள்ளே போனப்புறம் அதோட மேல்பரப்பு எப்படி இருந்தா என்ன? இதுக்கு இவ்வளவு கூடக் கொடுக்கணுமா?” என்று கேட்டார்.

அன்று எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தேன். மேல்பரப்பு எப்படி இருக்கிறது என்பதுதான் விஷயமே என்று புரிந்தது. அதைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, கடைசியில் நண்பரின் விலைப்பட்டியலுக்கு வருகிறேன்.

கழற்ற முடியாத திருகு

உடலுக்குள் வைக்கும் அந்நியப் பொருளை உடல் ஏற்றுக்கொள்ளாது என்பதுதான் நெடுங்காலம் மருத்துவர்கள் கண்ட அனுபவம். உலோகத்தைச் சுற்றி நார் போன்ற ஒரு திசு வளர்ந்து உறை போட்டுவிடும். எலும்புக்கும் உலோகத்துக்கும் நடுவில் அந்த உறை இருக்கும்வரை திருகு ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

டைட்டானியம் இதற்கு விலக்காக இருக்கலாம் என்ற முதல் குறிப்பு 1940-ல் வந்தது. பூனைகளின் தொடை எலும்பில் பல உலோகங்களை வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், டைட்டானியத்தை எலும்பு எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஏற்றுக்கொள்கிறது என்று எழுதினார்கள். 1951-ல் அமெரிக்க மருத்துவர் காட்லீப் லெவென்தால் எலிகளின் தொடை எலும்பில் டைட்டானியத் திருகுகளை வைத்தார். 6 வாரத்தில் திருகு வைத்தபோது இருந்ததைவிடச் சற்று இறுகியிருந்தது. 12 வாரத்தில் கழற்றுவதே சிரமமாக இருந்தது. 16 வாரத்தில் கழற்றப் போனபோது ஓர் எலிக்குத் திருகு வரவில்லை, எலும்புதான் உடைந்தது.

ஏறக்குறைய அதே சமயத்தில், 1952-ல், சுவீடனின் லுண்ட் நகரில் பேர்-இங்வார் பிரோனமார்க் என்ற இளம் மருத்துவர் வேறொரு வேலையில் இருந்தார். எலும்பு மஜ்ஜைக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று உயிருள்ள முயலில் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்காக டைட்டானியத்தில் செய்த சிறு கண்ணறை ஒன்றை முயலின் கால் எலும்பில் பொருத்தினார். ஆய்வு முடிந்ததும் விலையுயர்ந்த அந்தக் கருவியை எடுத்து மறுபடி பயன்படுத்தலாம் என்று நினைத்திருந்தார். எடுக்க முடியவில்லை. எலும்பு அதை விடவில்லை.

‘கருவி வீணாகிவிட்டதே’ என்று விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பிரோனமார்க் விடவில்லை. கோதன்பர்க் நகருக்கு மாறிய பிறகு 1965-ல், தாடைக் குறைபாட்டால் பற்களை இழந்திருந்த 34 வயது மனிதர் ஒருவருக்கு டைட்டானிய வேர்களைப் பொருத்தினார். அந்த வேர்கள் 2006-ல் அவர் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அவர் வாயில் வேலை செய்தன.

ஆனாலும் சக மருத்துவர்கள் எளிதில் நம்பவில்லை. எலும்போடு உலோகம் நேரடியாக ஒட்டும் என்பது பாடப்புத்தகத்துக்கே எதிரான பேச்சு. பத்தாண்டு முடிவுகளை அவர் 1977-ல் வெளியிட்டார். இந்த ஒட்டுதலுக்கு ‘ஆஸியோஇன்டக்ரேஷன்’ என்று பெயரும் வைத்தார். 1982-ல் கனடாவின் டொராண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதற்கு ஓராண்டு முன்பே அவருடைய குழுவைச் சேர்ந்த தோமஸ் ஆல்பிரெக்ட்சன், ஒட்டுதலுக்குத் தேவையான ஆறு விஷயங்களைப் பட்டியலிட்டிருந்தார். பொருள், வடிவம், மேல்பரப்பு, எலும்பின் நிலை, அறுவை செய்யும் முறை, பாரம் ஏற்றும் நேரம் என்பவை அவை. இந்தப் பட்டியலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

கொத்திய சுவரும் அம்மியும்

பிரோனமார்க்கின் திருகுகள் லேத்தில் கடைந்தவை. கைக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் உளி ஓடிய மெல்லிய கோடுகள் அவற்றில் இருந்தன. கீழ்த்தாடையின் முன்பகுதிபோல எலும்பு கெட்டியாக இருந்த இடங்களில் அவை நன்றாக நின்றன. மேல்தாடையின் பின்பகுதிபோல எலும்பு மென்மையாக இருந்த இடங்களில் தோல்வி அதிகம். தவிர, வைத்துவிட்டு 3 முதல் 6 மாதம் காத்திருந்த பிறகுதான் மேலே பல் கட்டலாம்.

சொரசொரப்பாக்கினால் பிடிமானம் கூடுமா என்று பலர் யோசித்தார்கள். நமக்குப் புதிய யோசனை இல்லை இது. வழவழப்பான கான்கிரீட் தூணில் கலவை நிற்காது என்று கொத்தனார் முதலில் அதைக் கொத்திவிடுவார். தேய்ந்துபோன அம்மியைக் கொத்திக் கொடுக்க ஆள் தெருவில் கூவிக்கொண்டு வந்த காலமும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

இடுப்பு மூட்டில் இதே பிரச்சினைக்கு வேறு வழி கண்டிருந்தார்கள். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1962-ல் வெற்றிகண்ட மூட்டில், உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவே அக்ரிலிக் சிமென்ட் நிரப்பினார். சிமென்ட் எலும்பின் துளைகளுக்குள் புகுந்து இறுகிக்கொள்ளும். முழங்கால் மாற்றில் பெரும்பாலும் இன்றும் இந்த முறைதான். பல்லில் அப்படி சிமென்ட் வைக்க முடியாது. எலும்பே வந்து ஒட்ட வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஆந்த்ரே ஷ்ரோடர் குழுவினர் 1970-களில் டைட்டானியத் துகளை உருக்கித் தெளித்துச் சொரசொரப்பான மேல்பூச்சு கொடுத்தார்கள். 1991-ல் டானியேல் பூசர் குழுவினர் ஆறு விதமான பரப்புகளைக் குட்டைரகப் பன்றிகளின் எலும்பில் வைத்து ஒப்பிட்டார்கள். அதில் ஒன்று, கரடான துகள்களை வீசியடித்துப் பள்ளமாக்கி, பிறகு அமிலத்தில் அரித்த பரப்பு. வழவழப்பான பரப்புகளில் ஏறக்குறைய 20 முதல் 25 சதவீத இடத்தில்தான் எலும்பு நேரடியாக ஒட்டியிருந்தது. வீசியடித்து அமிலத்தில் அரித்ததில் 50 முதல் 60 சதவீதம். இன்று உலகம் முழுவதும் புழங்கும் பல இம்பிளாண்ட்டுகளின் மேல்பரப்பு இந்த வழியில் வந்ததுதான். காத்திருக்கும் காலமும் பலருக்கு 6 முதல் 8 வாரமாகக் குறைந்தது.

இதுவரை எல்லாரும் நினைத்தது கொத்தனார் கணக்குதான். கொத்தினால் பிடிக்கும், அவ்வளவே. ஆனால் கலவைக்கு உயிரில்லை. எலும்பைக் கட்டும் செல்லுக்கு உயிர் உண்டு. தான் நிற்கும் தரையை அது தொட்டுப் பார்த்து, அதற்கேற்ப நடந்துகொள்கிறது. இந்த உண்மை வேறொரு பாதையில் வந்துகொண்டிருந்தது.

சிலந்தி வலையில் நடந்த செல்கள்

உடலுக்கு வெளியே உயிருள்ள செல்லை வளர்க்கலாம் என்று 1907-ல் காட்டியவர் அமெரிக்காவின் ராஸ் ஹாரிசன். தவளைக் கருவின் நரம்புத் துணுக்கை நிணநீர்த் துளியில் தொங்கவிட்டு, அதிலிருந்து நரம்பிழை வளர்வதைப் பார்த்தார். பிறகு அவருக்கு ஒரு கேள்வி வந்தது. செல்லுக்கு நடக்கப் பிடிமானம் வேண்டுமா? திரவத்துக்குள் சிலந்தி வலையின் இழைகளை விரித்து வைத்தார். செல்கள் அந்த இழைகளைப் பற்றிக்கொண்டு, அவை போன வழியே நீண்டு நகர்ந்தன. 1914-ல் இதை விரிவாக எழுதினார்.

பால் வைஸ் என்ற ஆய்வாளர் 1940-களில் இதற்கு ‘கான்டாக்ட் கைடன்ஸ்’ என்று பெயரிட்டார். தொடுவதால் வழி அறிவது என்று பொருள் கொள்ளலாம். 1964-ல் ஆடம் கர்ட்டிஸ் தன் சகாவுடன் எழுதிய கட்டுரை இன்னொரு படி மேலே போனது. பரப்பு எந்த ரசாயனத்தால் ஆனது என்பது மட்டுமல்ல, அதன் மேடுபள்ளமே செல்லின் நடத்தையை மாற்றும் என்றார்.

பின்னர் கர்ட்டிஸ் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே மின்னணுப் பொறியியலில் கிறிஸ் வில்கின்சன் இருந்தார். கணினிச் சில்லுகளில் நுண்கோடுகளை வரையும் எலெக்ட்ரான் கற்றைக் கருவி அவர் கையில் இருந்தது. உயிரியல் ஆளும் சில்லு ஆளும் கைகோத்தார்கள். செல்லுக்கு எந்த மாதிரித் தரை வேண்டுமோ அதை நானோமீட்டர் துல்லியத்தில் செய்து கொடுக்க முடிந்தது.

எலும்பு கட்டுபவர்கள்

நம் எலும்பு ஒருமுறை கட்டி முடித்த கட்டடம் அல்ல. ஒரு பக்கம் இடித்தும் மறுபக்கம் கட்டியும் எப்போதும் பராமரிப்பு வேலை நடந்துகொண்டே இருக்கிறது. பெரியவர்களுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 10 சதவீத எலும்பு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. இடிக்கும் செல்லுக்கு ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயர், கட்டும் செல்லுக்கு ஆஸ்டியோபிளாஸ்ட். கட்டும் செல்கள் மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல்களிலிருந்து வருகின்றன. அதே ஸ்டெம் செல் கொழுப்புச் செல்லாகவும் ஆகலாம், குருத்தெலும்புச் செல்லாகவும் ஆகலாம்.

இடிப்பவர் பழைய எலும்பை அமிலத்தால் கரைத்துச் சில பத்து மைக்ரோமீட்டர் ஆழத்துக்குக் குழி பறித்துவிட்டுப் போகிறார். அந்தக் குழியின் அடித்தளத்தில் கொலாஜன் நார்கள் வெளித்தெரியும். ஒவ்வொரு நாரிலும் 67 நானோமீட்டருக்கு ஒரு பட்டை உண்டு. நார்களுக்கு இடையே சில நானோமீட்டர் தடிமனான தாதுப் படிகங்கள் இருக்கும். கட்டுபவர் வந்து இறங்கும் இயற்கையான தரை இதுதான். குழியும், குழிக்குள் நுண்ணிய சொரசொரப்பும் சேர்ந்தது. துகள் வீசி அமிலத்தில் அரித்த டைட்டானியம் இதைத்தான் தற்செயலாகப் போலச் செய்திருந்தது.

1990-களில் அமெரிக்காவில் பார்பரா பாயன், ஸ்வி ஷ்வார்ட்ஸ் குழுவினர் எலும்புச் செல் வகை ஒன்றைப் பல தரைகளில் வளர்த்துப் பார்த்தார்கள். வழவழப்பான தரையில் செல்கள் வேகமாகப் பெருகின. சொரசொரப்பான தரையில் எண்ணிக்கை குறைவுதான். ஆனால் அவை முதிர்ந்து, எலும்பு கட்டும் வேலைக்கான புரதங்களைச் செய்யத் தொடங்கிவிட்டன. அதாவது சொரசொரப்பு பிடிமானம் மட்டும் தரவில்லை, “பெருகியது போதும், வேலையை ஆரம்பி” என்று ஒரு சேதியும் சொல்கிறது.

கிளாஸ்கோவின் புள்ளிகள்

நானோமீட்டர் என்றால் ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தரையில் பரவி நிற்கும் ஒரு ஸ்டெம் செல்லை நம் வளாகத்து பேட்மின்டன் கோர்ட் அளவுக்குப் பெரிதாக்கினால், 120 நானோமீட்டர் அகலப் பள்ளம் ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயம் அளவு இருக்கும். அத்தனை பெரிய உடம்புக்கு அத்தனை சிறிய பள்ளம் உறைக்குமா?

2007-ல் கிளாஸ்கோவின் மேத்யூ டால்பி குழுவினர் இதற்கு விடை சொன்னார்கள். அக்ரிலிக் தகட்டில் 120 நானோமீட்டர் அகலம், 100 நானோமீட்டர் ஆழமுள்ள பள்ளங்களை 300 நானோமீட்டர் இடைவெளியில் பதித்தார்கள். ஒரு தகட்டில் கோலப்புள்ளிபோல வரிசை பிசகாத சதுர அடுக்கு. இன்னொன்றில் அதே அடுக்கு, ஆனால் ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்திலிருந்து 50 நானோமீட்டர் வரை இப்படியும் அப்படியும் தள்ளியிருக்கும். கை சற்று நடுங்குபவர் வைத்த புள்ளிகள்போல. மூன்றாவது வகையில் வரிசையே இல்லை, கண்டபடி பள்ளங்கள்.

மூன்றின் மேலும் மனித ஸ்டெம் செல்களை வளர்த்தார்கள். எலும்பாக மாறத் தூண்டும் எந்த மருந்தும் சேர்க்கவில்லை. வரிசை பிசகாத தகட்டில் எலும்பு வேலை நடக்கவில்லை. கண்டபடி பதித்ததிலும் அந்த அளவுக்கு இல்லை. லேசாகப் பிசகிய தகட்டில் மட்டும், சில வாரங்களில் செல்கள் எலும்புப் புரதங்களைச் செய்து, தாதுவைப் படியவிட்டன. வழக்கமாக மருந்து கொடுத்து மாற்றும் செல்களுக்கு நிகராக மாறியிருந்தன.

வரிசை பிசகாத தகடு தோல்வி என்று அவர்கள் ஒதுக்கவில்லை. 2011-ல் அதே குழு இன்னொரு முடிவை வெளியிட்டது. பிசகில்லாத அந்தப் புள்ளிகளின் மேல் ஸ்டெம் செல்கள் 8 வாரம் வரை ஸ்டெம் செல்களாகவே இருந்தன. ஒரே அளவு பள்ளம், ஒரே ஆழம். 50 நானோமீட்டர் பிசகு இருந்தால் எலும்பு, இல்லாவிட்டால் ஸ்டெம் செல்.

செல்லின் விரல்நுனி

செல் இதை எப்படி உணர்கிறது? அதன் மேல்தோலில் இன்டக்ரின் என்ற புரதங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 10 நானோமீட்டர் அகலம். இவைதான் செல்லின் விரல்நுனிகள். ஒன்றிரண்டு தொட்டால் போதாது. பல இன்டக்ரின்கள் அருகருகே கூடினால்தான் உறுதியான பிடி உண்டாகும். ஜெர்மனியில் யோவாகிம் ஷ்பாட்ஸ் குழுவினர் 2004-ல் மிக நுண்ணிய தங்கப் புள்ளிகளின் மேல் இன்டக்ரின் பற்றும் மூலக்கூறை வைத்துச் சோதித்தார்கள். புள்ளிகளின் இடைவெளி 58 நானோமீட்டராக இருந்தபோது எலும்புச் செல்கள் நன்றாகப் பிடித்தன. 73 ஆனதும் பிடி தளர்ந்தது. பதினைந்து நானோமீட்டரில் செல் வித்தியாசம் கண்டுபிடித்துவிட்டது.

பிடி விழுந்த இடத்திலிருந்து செல்லுக்குள் கயிறுகள்போல இழைகள் ஓடுகின்றன. அவை இழுபடும்போது அந்த விசை உட்கரு வரை போய், எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்பதை மாற்றுகிறது. அதே 2004-ல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், விரிந்து பரவ இடம் கிடைத்த ஸ்டெம் செல் எலும்பின் பக்கமும், சுருண்டு கிடந்தது கொழுப்பின் பக்கமும் போயின. 2006-ல் டென்னிஸ் டிஷர் குழுவினர் கெட்டியான தரை எலும்பின் பக்கமும், மிக மென்மையான தரை நரம்பின் பக்கமும் தள்ளுவதைக் காட்டினார்கள். இழுவிசைதான் இவற்றுக்குப் பொதுவான மொழி.

எல்லாரும் ஒத்துக்கொண்டார்களா?

இல்லை. டைட்டானியத்தின் மேலேயே மின்வேதி முறையில் நுண்குழாய்களை வளர்க்கலாம். குழாயின் அகலத்தை நாம் வேண்டியபடி வைக்கலாம். 2007-ல் ஜெர்மனியின் எர்லாங்கன் ஆய்வாளர்கள் 15 நானோமீட்டர் குழாய்தான் ஸ்டெம் செல்களுக்கு உகந்தது, 100-ல் அவை மடிகின்றன என்றார்கள். 2009-ல் கலிபோர்னியாவின் சான் டியேகோவிலிருந்து வந்த ஆய்வு, 70 முதல் 100 நானோமீட்டர் குழாயில்தான் ஸ்டெம் செல்கள் நீண்டு எலும்புச் செல்களாக மாறுகின்றன என்றது. நேர் எதிரான முடிவுகள். குழாயின் படிக அமைப்பு, வளர்த்த திரவம், செல் எங்கிருந்து வந்தது என்று எல்லாமே விடையை மாற்றும் என்பதுதான் இதிலிருந்து கற்றது.

இன்னொன்றும் உண்டு. ஆய்வகத் தட்டில் செல் வெறும் தரையைத் தொடுகிறது. உடலுக்குள் திருகு போன நொடியிலேயே ரத்தத்தின் புரதங்கள் அதன் மேல் படிந்துவிடும். செல் தொடுவது அந்தப் படலத்தை. சொரசொரப்பு அதிகமானால் பாக்டீரியாவும் ஒட்டிக்கொள்ளும். ஆகவேதான் ஆன் வென்னர்பெர்க்கும் ஆல்பிரெக்ட்சனும் ஆராய்ந்து, மிக வழவழப்பும் வேண்டாம், மிகக் கரடும் வேண்டாம், ஒன்றிலிருந்து இரண்டு மைக்ரோமீட்டர் வரையான நடுத்தரச் சொரசொரப்பே நல்லது என்றார்கள்.

விலைப்பட்டியலுக்கு வருவோம்

நண்பருக்கு நான் சொன்னது இதுதான். நானோ என்பது வெறும் விளம்பரச் சொல் இல்லை, அதன் பின்னால் உண்மையான அறிவியல் இருக்கிறது. ஆனால் ஆய்வகத் தட்டில் செல் காட்டிய வித்தியாசம், அப்படியே உங்கள் தாடையில் பல ஆண்டு ஆயுளாக வந்துவிடும் என்று பொருளல்ல. சாதாரணமாகத் துகள் வீசி அமிலத்தில் அரித்த திருகுகளே பத்தாண்டில் 90 சதவீதத்துக்கு மேல் நிற்கின்றன. அதற்கு மேல் கூடுதல் விலை கேட்டால், “இந்தப் பரப்பை மனிதர்களில் எத்தனை ஆண்டு பார்த்திருக்கிறார்கள், டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள்.

ஆல்பிரெக்ட்சனின் பட்டியலில் மேல்பரப்பு ஆறில் ஒன்றுதான். மற்றவற்றில் சில நம் கையில் இருக்கின்றன. புகைப்பதை நிறுத்துவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, ஈறைச் சுத்தமாக வைப்பது, எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டிருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்வது. இவை எந்த நானோவையும்விடக் கைகொடுக்கும்.

முக்கியமாக ஒன்று. திருகு வைத்த அன்று அது இறுக்கமாக இருப்பது பழைய எலும்பின் பிடியால். அடுத்த வாரங்களில் இடிக்கும் செல்கள் அந்த எலும்பில் கொஞ்சத்தை அகற்றுகின்றன, கட்டும் செல்கள் புதிதாகக் கட்டத் தொடங்குகின்றன. நடுவில், மூன்று நான்கு வாரத்தில், பிடி சற்றுக் குறையும் ஒரு கட்டம் வரும். வலி போய், வீக்கம் வடிந்து, ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்று முறுக்கை எடுக்கத் தோன்றுவதும் அப்போதுதான்! ஆட்டிவிட்டால் எலும்புக்குப் பதில் நார்த்திசு வந்து உறை போட்டுக்கொள்ளும். 1952-க்கு முந்தைய கதைக்கே போய்விடுவோம்.

நண்பர் கடைசியில் நடுவிலிருந்த விலைத் திருகைத்தான் வைத்துக்கொண்டார். மருத்துவர் சொன்ன நாள்வரை அந்தப் பக்கம் மெல்லவே இல்லை. இப்போது மாலை நடையில் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம் அவர் கையில்தான் இருக்கிறது.